இரண்டு காலுக்கும் ஒரே சப்பாத்து

அந்தக் காலத்துப் பினாங்கில் என் பெயர் தெரியாதவர்களுக்கும் என் சப்பாத்தைத் தெரியும். டிராம் கண்டக்டர், பள்ளிக்கூட வாசலில் கடலை விற்பவர், கடைத்தெருவில் புடவை விரித்துக் காட்டுபவர், எல்லோருக்கும் நான் சப்பாத்து டீச்சர். எங்கள் பெண்கள் வெறுங்காலோடு, மிஞ்சினால் ஒரு செருப்போடு நடந்த ஊர் அது. அங்கே கணுக்காலுக்கு மேலே ஏறி நாடா கட்டிய கருஞ்சிவப்புத் தோல் சப்பாத்தோடு ஒருத்தி புடவையில் வந்தால் யார் கண்ணில்தான் படாது? படட்டும் என்றுதான் நானும் போட்டேன்.

ஆசைப்பட்டுப் போட ஆரம்பித்ததல்ல. நாலு வயதில் வந்த காய்ச்சல் ஒன்று என் வலது காலைக் கெடுத்துவிட்டுப் போயிற்று. உயிரை விட்டுவிட்டுக் காலை மட்டும் எடுத்துக்கொண்டதே என்று அம்மா சாமிக்கு நன்றி சொல்வாள். எனக்கு அந்த நன்றியில் பாதிதான் சம்மதம். பாதம் உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. குதிகால் தரையைத் தொடாது. முழங்காலுக்குக் கீழே சதை பிடிக்காமல் குச்சியாக நின்றுவிட்டது. சப்பாத்து இல்லாமல் நான் நிற்கலாம். ஒரு கை எதையாவது பிடித்திருந்தால் நடக்கவும் செய்யலாம். கையை விட்டால் விழுவேன்.

முதல் சப்பாத்தை அப்பாதான் செய்யச் சொன்னார். அவர் துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் கிராணி. எங்கள் ஊரில் குமாஸ்தாவுக்கு அதுதான் பெயர். சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் சீனர் ஒருவர் சப்பாத்துக் கடை வைத்திருந்தார். அவர் என் பாதத்தைக் காகிதத்தில் வைத்துக் கோடு போட்டு, கணுக்காலை நூலால் அளந்து, அதே கோணலோடு மரத்தில் ஒரு கால் செதுக்கி வைத்துக்கொண்டார். அதன் மேல் தைத்த சப்பாத்துக்குள்ளே குதிகாலுக்கு அடியில் தக்கை வைத்தார். கணுக்காலின் இரண்டு பக்கமும் விறைப்பான தோல் வைத்தார். போட்டுக்கொண்டு எழுந்து, கையை எதிலிருந்தும் எடுத்துவிட்டு, கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். அம்மா அழுதுவிட்டாள். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அது பார்க்கச் சகிக்காது. கறுப்பாக, தடியாக, போலீஸ்காரன் பூட்ஸ் போல இருக்கும்.

வளர வளர அளவு மாறியதே தவிர அழகு மாறவில்லை. வலது காலில் அந்தப் பூட்ஸ், இடது காலில் சாதாரணச் செருப்பு. தெருவில் எதிரே வருகிறவர்கள் முதலில் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு கண் கீழே இறங்கும். மறுபடி முகத்துக்கு ஏறி வரும்போது அதில் 'ஐயோ பாவம்' ஒட்டிக்கொண்டிருக்கும். திட்டினால் திருப்பித் திட்டலாம். ஐயோ பாவத்தை என்ன செய்வது? எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

பெண்பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்து, கையில் சொந்தச் சம்பளம் வந்ததும் நான் செய்த முதல் காரியம், காலை மறைப்பது. புடவையின் அடியில் ஒரு பட்டைத் துணியைக் கொடுத்துத் தைத்து, கொசுவத்தைத் தரையோடு தரையாக விட்டேன். சப்பாத்து தெரியாது. கண்ணாடியில் பார்த்தால் ராணிதான். ராணி ஒரு நாள் டிராமிலிருந்து இறங்கும்போது சப்பாத்தின் அடித்தோலில் புடவைக்கரை சிக்கி, கம்பியைப் பிடிக்கத் தவறி, நடுத்தெருவில் குப்புற விழுந்தாள். தூக்கிவிட ஓடி வந்தவர்கள் எல்லோரும் எதை மறைத்தேனோ அதைத்தான் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து அந்தப் பட்டைத் துணியைப் பிரித்துப் போட்டேன்.

மறைக்க முடியாது என்று ஆனபின் ஒரு யோசனை வந்தது. ஒரு காலில் மட்டும் பூட்ஸ் போட்டால் நோய். இரண்டு காலிலும் போட்டால் நாகரிகம். நான் சப்பாத்துக்கடைக்குப் போய், "தவ்கே, டுவா-டுவா சமா" என்றேன். எங்கள் கடைத்தெரு மலாயில் அதற்கு 'முதலாளி, இரண்டும் ஒரே மாதிரி' என்று அர்த்தம். நல்ல காலுக்கு எதற்கு இவ்வளவு கனமான சப்பாத்து, நடக்கச் சிரமமாக இருக்கும் என்று அவர் தலையை ஆட்டினார். சிரமம் என் பாடு என்றேன். கறுப்பு வேண்டாம், மங்குஸ்தீன் பழத் தோலின் நிறம் வேண்டும். மூக்கு கூராக இருக்க வேண்டும். இடது சப்பாத்தும் வலதின் உயரத்துக்கு ஏறி, அதே நாடா, அதே தையல், அதே தடிமன் தெரிய வேண்டும். உள்ளே தக்கை ஒன்றில்தான். வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்.

அதற்குத் தகுந்த மாதிரி உடுப்பையும் மாற்றினேன். புடவையைக் கணுக்காலுக்கு மேலே நிறுத்தினேன். புடவை முழுவதும் ஒரே நிறம், கரை மட்டும் சப்பாத்தின் நிறம். தோளில் புடவையைப் பிடித்துக்கொள்ள ஒரு புரூச். ரவிக்கைக் கை முழங்கை வரை, ஓரத்தில் மெல்லிய சரிகை நூல். கையில் நீளமான குடை. வெயிலுக்கும் அது விரிந்ததில்லை, மழைக்கும் விரிந்ததில்லை. என் வலது பக்கத்தைத் தாங்குவதுதான் அதன் வேலை. அப்படி வெள்ளைக்காரிகள் நடக்கிற கடற்கரை மைதானத்தில்கூட நடந்திருக்கிறேன். இறங்கிய கண்கள் ஏறி வரும்போது அவற்றில் வேறு ஏதோ இருந்தது. சில பெண்கள், யாரிடம் தைத்தது என்று கேட்டார்கள். இடது கால் சாயங்காலத்தில் விண்விண் என்று தெறிக்கும். தெறிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதெல்லாம் வாசல் வரைக்கும்தான். பினாங்கு வீடுகள் அகலத்தில் கஞ்சம், நீளத்தில் தாராளம். முன்கூடம், வானம் தெரிகிற முற்றம், சாப்பிடும் இடம், அடுப்பங்கரை, குளிக்கிற இடம் என்று ரயில் பெட்டி மாதிரி ஒன்றின் பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். தெருவை ஒட்டிய நடைபாதையை அஞ்சடி என்போம். என் சப்பாத்து அந்த அஞ்சடியோடு நின்றுவிடும். விளக்கு எரிகிற வீட்டுக்குள் தோல் வரக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி தைத்து, தெருவில் படாமல் வைத்துக்கொள்ளட்டுமே என்று அம்மா ஒருமுறை மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

"தெருவுல போட்டாலும் தோலு, வீட்டுல போட்டாலும் தோலுதான்" என்றார் அப்பா. அதோடு பேச்சு முடிந்தது.

அப்பா கல்மனசுக்காரர் இல்லை. சப்பாத்துக்கு அளவு கொடுக்கப் போகும்போதெல்லாம் மழையானாலும் கூட வருவார். ஆனால் சட்டம் சட்டம்தான். அதனால் தெருவில் நிமிர்ந்து நடக்கிற டீச்சர், வீட்டுக்குள் ஒரு கையைச் சுவரில் ஊன்றி ஊன்றித் தொங்கிக்கொண்டு போவாள். வாசலிலிருந்து அடுப்பங்கரை வரை, முற்றத்தின் ஓரமாக, அந்த நீளச் சுவரில் என் உள்ளங்கை போன தடம் கறுத்து, எண்ணெய் இறங்கி, ஒரு கோடாகப் படிந்திருந்தது. அம்மா அதை எங்கள் வீட்டு டிராம் கம்பி என்பாள். தீபாவளிக்குத் தீபாவளி சுண்ணாம்பு அடிப்பாள். பொங்கலுக்குள் கம்பி மறுபடி வந்துவிடும்.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்கள் முன்னால், எனக்குக் கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தபோது, உறவுக்காரர் ஒருவர் ஒரு சம்பந்தம் கொண்டு வந்தார். பையனுக்குக் கடலுக்கு அக்கரையில், பிறை என்கிற ஊரின் ரயில்வே ஆபீசில் வேலை; தினமும் டிராம் பிடித்து, படகு ஏறிப் போய் வருகிறவர். அம்மாவும் பிள்ளையும் மட்டும்தான்.

"நல்ல எடம்லா. மாப்பிள்ளைக்கு நாகரிகமான பொண்ணுதான் வேணுமாம். பெரிய ஆச தம்பிக்கு. நம்ம பொண்ண டிராமுல பாத்திருக்காரு. அந்தச் சப்பாத்தும் கொடையும் மனசுல நின்னுடுச்சுன்னு சொல்றாரு" என்றார்.

அடையாளம் சொன்னதும் எனக்கும் ஆளைத் தெரிந்துவிட்டது. வெள்ளை டிரில் கோட்டு, மடிப்புக் கலையாத கால்சட்டை. நான் யாரைப் பார்த்தாலும் முதலில் பார்ப்பது சப்பாத்தைத்தான். அவருடையது பளபளவென்று இருக்கும். டிராம் கூட்டமாக இருந்த ஒரு சனிக்கிழமை எழுந்து எனக்கு இடம் கொடுத்துவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாவப்பட்டு எழுந்திருக்கவில்லை, மரியாதைக்கு எழுந்தார். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். அதனால் உறவுக்காரர் சொன்னதும் எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது. இரண்டு நிமிடம் கழித்துத்தான், அவர் ஆசைப்பட்டது சப்பாத்துக்குத்தான், அதற்குள் இருக்கும் கால் அவருக்குத் தெரியாது என்று புரிந்தது.

"அவர்கிட்ட காலப் பத்திச் சொல்லிட்டீங்களா?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க? நான் ஒரு பொய்கூடச் சொல்லல. சொல்லாம இருக்கேன், அவ்வளவுதான். பேச்சு முடியட்டும், நானே பக்குவமாச் சொல்றேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை ராத்திரி, அடுத்த தீபாவளிக்குக் காத்திராமல், அப்பாவே வாளியைத் தூக்கிக்கொண்டு சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். டிராம் கம்பி மறைந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா என் சப்பாத்தை எடுத்து ஒளிக்கப் போனாள். அப்பா தடுத்துவிட்டார். மாப்பிள்ளைக்குப் பிடித்ததே அதுதானே, அஞ்சடியில் தெரிகிற மாதிரி இருக்கட்டும் என்றார். அவர்கள் வருவதற்கு முன்பே, சுவரில் கை படாமல் என்னைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து, முன்கூடத்தில் முற்றத்தை ஒட்டி, சுவர் ஓரமாகப் பாயில் உட்கார வைத்து, மயில்கழுத்து நிறப் புடவையை அம்மா என் காலைச் சுற்றி விரித்துவிட்டாள். பொம்மைக் கொலு மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வந்தார்கள். அவர் தன் பளபளப்பான சப்பாத்தைக் கழற்றி என்னுடையதன் பக்கத்தில் வைத்ததை உள்ளிருந்தே பார்த்தேன். அவருடைய அம்மா சாந்தமான முகம் கொண்டவர். என் பக்கத்தில் குனிந்து கன்னத்தைத் தொட்டு, என்ன படிப்பு, சமையல் வருமா என்று கேட்டார். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. காப்பி வந்ததும் அவருடைய அம்மா, "பொண்ணு கையாலயே குடுக்கட்டுமே. நாலு எட்டு நடந்தா நாங்களும் பாத்துக்குவோம்" என்றார்.

"நான் குடுக்குறேன், அவளுக்குக் கூச்சம்" என்று அம்மா தட்டைப் பறிக்காத குறையாக எடுத்தாள்.

அப்போது மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "அவங்க நடந்து நான் பாத்திருக்கேன்ம்மா. ரொம்ப நல்லா நடப்பாங்க" என்றார்.

என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னது. அதைக் கேட்ட பிறகு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பொய் சொல்லாமலே பொய்க்குத் துணை போகிற மாதிரி இருந்தது. சுவரைப் பிடித்து எழுந்தேன். அம்மா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். தட்டைத் தூக்க எனக்குக் கை இல்லை. ஒரு குவளையை மட்டும் இடது கையில் எடுத்துக்கொண்டேன். வலது கையால் சுவரைப் பிடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்து, வாசல் பக்கம் நாற்காலியில் இருந்த அவரிடம் போய்ச் சேர்ந்தேன். காப்பி கொஞ்சம் புடவையில் சிந்திவிட்டது. குவளையை வாங்கியவர் முதலில் பார்த்தது என் காலை அல்ல, வலது கையை. புதுச் சுண்ணாம்பு உள்ளங்கை முழுவதும் அப்பி வெள்ளையாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். சுவரில் நான் வந்த வழியெல்லாம் பழைய கறுப்பு வெளியே தெரிந்தது.

அவர் வாசலில் இருந்த என் சப்பாத்தைப் பார்த்தார்.

"ஸ்டைலுக்குப் போடுறீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"ஸ்டைலுக்கும்தான்" என்றேன்.

அவர் முகத்தில் ஐயோ பாவம் வரவில்லை. அதற்காக இன்றும் அவரை நல்லபடியாகவே நினைக்கிறேன். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, தனக்கு இதில் ஒன்றும் இல்லை, சம்மதம்தான் என்று தன் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். என் அப்பா இரண்டு கையையும் குவித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அவருடைய அம்மாவும் கோபப்படவில்லை. "காலு ஆண்டவன் குடுத்தது. நாளைக்கு எனக்கும் வரும். அதுக்காக ஒரு பொண்ண வேணாம்னு சொல்ற குடும்பம் இல்ல நாங்க" என்றார். பிறகு வாசலில் இருந்த என் சப்பாத்தைக் காட்டினார். "ஒண்ணே ஒண்ணு. அது எங்க வீட்டுக்குள்ள வராது. சாமி இருக்கிற வீடு. தெருவுல என்ன வேணா போட்டுக்கட்டும். வீட்டுல இதே மாதிரி செவுத்தப் புடிச்சு நடக்கட்டும். இங்கயும் அப்படித்தானே நடக்குறா?"

"வீட்டுக்குள்ள என்ன, அவ்வளவு தூரமா?" என்றார் அவரும், ஆறுதலாக.

தூரம்தான். அடுப்பிலிருந்து கொதிக்கிற சட்டியை ஒரு கையால் இறக்கிப் பார்த்தால் தெரியும். இடுப்பில் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்று கனவு கண்டுவிட்டு விழித்துப் பார்த்தால் தெரியும். ஆயுசு முழுவதும் ஒரு கையைச் சுவருக்குக் கொடுத்துவிட்டு, மீதி ஒரு கையால் குடித்தனம் பண்ண வேண்டும். ஆனால் இவர் நல்லவர், எனக்குப் பிடித்தவர், இதைவிட்டால் இன்னொருவர் வரப்போவதில்லை. சரி என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வந்த மாதிரியே நின்றும் விட்டது. நான் அப்பாவைப் பார்த்தேன். அந்த அம்மா கேட்கிற நிபந்தனை அப்பாவுடைய சட்டம்தானே, அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று இருந்தது.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலிலிருந்து முற்றம் வரைக்கும், அவர் கையால் அடித்த சுண்ணாம்பில் என் கை இழுத்துக்கொண்டு போன இடத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து அஞ்சடிக்குப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். குனிந்து என் சப்பாத்து இரண்டையும் கையில் எடுத்தார். இன்னொருவர் காலில் போட்டதைக் கையால் தொடுவது எங்கள் ஆட்களிடம் எவ்வளவு கேவலம் என்று சொல்ல வேண்டியதில்லை. அதைத் தூக்கிக்கொண்டு வாசல்படியைத் தாண்டி, விளக்குக்கு முன்னால் நடந்து வந்து, என் காலடியில் வைத்தார். தோளில் போட்டிருந்த விசேஷத்துத் துண்டை எடுத்து அடித்தோலைத் துடைத்தார்.

"போட்டுக்கம்மா" என்றார்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து போட்டுக்கொண்டேன். அந்தச் சப்பாத்துக்கு நாடா கட்ட நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டி முடித்து எழுந்து, தட்டை இரண்டு கையாலும் எடுத்து, அவருடைய அம்மாவுக்கு நான்தான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கி, குடிக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டார்.

போகும்போது யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அவர் அஞ்சடியில் நின்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, ஒருமுறை திரும்பி, என் காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் தெருவில் இறங்கிவிட்டார். பிறகு எந்தச் செய்தியும் வரவில்லை. டிராமிலும் அவரை நான் பார்க்கவில்லை. வேறு டிராமில் போனார் என்று நினைக்கிறேன்.

அம்மா அன்று முழுவதும் அழுதாள். நானும் அழுதேன், அவருக்காகத்தான் அழுதேன். அதில் வெட்கம் இல்லை. அதற்குப் பிறகு என்னைப் பெண் பார்க்க யாரும் வரவில்லை. அப்பாவோடு அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் பேசியதும் இல்லை, அவர் பேசியதும் இல்லை. அடுத்த நாள் வேலைக்குப் போய்த் திரும்பி வந்து, பழக்கதோஷத்தில் அஞ்சடியில் குனிந்து நாடாவை அவிழ்க்கப் போனேன். உள்ளே சாய்வு நாற்காலியில் இருந்தவர், "வாசல்ல நிக்காத, உள்ள வா" என்றார். சுவருக்கு அவர் மறுபடி ஒரு பூச்சுச் சுண்ணாம்பு அடித்திருந்தார். படியில் தண்ணீரும் ஒரு பழைய துணியும் இருந்தன. அடியைத் துடைத்துவிட்டு உள்ளே நடந்தேன்.

அந்த வருடத் தீபாவளிக்கு அம்மா சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு சுவருக்கு வந்தாள். வாசலிலிருந்து அடுப்பங்கரை வரை பார்த்துக்கொண்டே போனாள். பிறகு, இங்கே அடிக்க ஒன்றும் இல்லையே என்று வாளியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.